முதலில் நிற்கும் எறும்பு

உத்தனப்பள்ளி
3 ஜூன் 2024

அன்புள்ள நிகத்,

கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டிருக்க மாட்டாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். உன் முகவரிக்காகக் கிருஷ்ணகிரியில் தானிஷ் வேலை செய்யும் செல்போன் கடைக்கே போய் நின்றேன். "அக்கா, புது நம்பரைக் கொடுத்தா எங்கக்கா என்னைத் தோலை உரிச்சிடுவா. அட்ரஸ் வேணா தர்றேன், அதைப் பத்தி அவ ஒண்ணும் சொல்லல" என்றான் உன் தம்பி. நீ என்னோடு பேச்சை நிறுத்திப் பதினான்கு மாதம் ஆகிறது. இந்தக் கடிதமும் பதினான்கு மாதம் தாமதம். தெரியும்.

எனக்குப் பெண் குழந்தை. தன்விகா. ஜனவரி இரண்டாம் தேதி பிறந்தாள். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தவள் இன்னும் இங்கேதான் இருக்கிறேன். ஹரீஷ்குமார் வெளியூர் வேலையை விட்டு ஓசூருக்கே வந்துவிட்டார்; ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து மகளைப் பார்த்துவிட்டுப் போகிறார். நீ வேலையை விட்டுப் போன அடுத்த மாதம்தான் எனக்கு நாள் தள்ளியது தெரிந்தது. பாகலூர் ரோட்டு அறையில் உன் கட்டில் காலியாக இருந்தது. முதலில் உன்னிடம்தான் சொல்லியிருப்பேன்.

ஜூலை இரண்டாம் தேதி வேலைக்குத் திரும்ப வேண்டும். மேனேஜர் ராஜ்குமார் சார் போன் செய்தார். எறும்பைப் பார்த்து நான் நம் லைனில் போட்ட எறும்பு வரிசையைப் புதுக் கட்டடத்தில் ஆறு லைனில் தொடங்கப் போகிறார்களாம். திரும்பி வரும் முதல் நாளே கம்பெனிப் பெரியவர்கள் முன்னால் நான் அதை விளக்க வேண்டுமாம். பிடித்துப்போனால் லைன் லீடர், நிரந்தரமாகப் பகல் ஷிப்ட். இல்லாவிட்டால் பழையபடி மூன்று ஷிப்டும் சுற்ற வேண்டும். பால் குடிக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு நைட் ஷிப்ட் போக முடியாது நிகத். வேலையை விட்டுவிட வேண்டியதுதான்.

அவர்கள் முன்னால் பேசப் போவதை உன்னிடம் ஒப்பித்துப் பார்க்கிறேன். சிரிக்காதே.

சார், எறும்புக்கு மேஸ்திரி கிடையாது. களத்தில் சிறிய எறும்பு ஒரு கேழ்வரகு மணியைத் தூக்கிக்கொண்டு புற்றை நோக்கி வரும். பாதி வழியில் அதைவிடப் பெரியது எதிரில் வந்து வாங்கிக்கொள்ளும். சிறியது திரும்பிப் போய் அடுத்த மணியை எடுக்கும். எங்கே கைமாற்றுவது என்று யாரும் கோடு கிழித்து வைப்பதில்லை. எதிர்ப்படும் இடம்தான் மாறும் இடம். நம் லைனில் முன்பு ஆளுக்கு இவ்வளவு என்று வேலையைப் பிரித்து வைத்திருந்தோம். வேகமானவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள், மெதுவானவள் முன்னால் ஸ்கூட்டர் வயர்க் கட்டுகள் குவிந்து கிடக்கும். இப்போது கடைசியில் நிற்பவள் ஒரு கட்டை முடித்து மாட்டியதும் பின்னால் நடந்து, தனக்கு முந்தையவள் கையில் அது எந்த நிலையில் இருக்கிறதோ அப்படியே வாங்கிக்கொள்கிறாள். அவள் தனக்கு முந்தையவளிடம் வாங்குகிறாள். முதலில் நிற்பவள் புதிதாக ஒன்றைத் தொடங்குகிறாள். ஒரே ஒரு நிபந்தனை: மெதுவானவர் முதலில், வேகமானவர் கடைசியில்.

அந்த நிபந்தனையை எழுதும்போது பேனா கொஞ்சம் நின்றுவிட்டது.

இதற்கெல்லாம் ஆதாரம் நம் பி.எஸ்சி. விலங்கியல் ரெக்கார்டு நோட்டு. இருவருக்கும் சேர்த்து ஒரே நோட்டு போதும் என்று நிர்மலா மேடம் சொன்னார்களே, அது உன்னிடம் இருக்கிறது. எங்கள் களத்தில் பத்து நாள் முட்டி தேய உட்கார்ந்தோம். நீ ஈர்க்கு நுனியில் நெயில் பாலிஷைத் தொட்டுத் தொட்டு எறும்புக்குப் பொட்டு வைப்பாய். சின்னதற்கு ரோஸ், பெரியதற்குப் பச்சை. "எந்த ஊர்லமே எறும்புக்கு மேக்கப் போட்டு பி.எஸ்சி. குடுக்கறாங்க?" என்று கேட்டுவிட்டு நீயே சிரிப்பாய். மாலை பஸ்ஸில் உன் விரல்களில் எறும்புக் கடித் தடிப்பு இருக்கும். அந்த ரோஸ் பாலிஷ் வாசனை இன்றைக்கும் எங்காவது வந்தால் திரும்பிப் பார்க்கிறேன்.

அந்த நோட்டைத் தருவாயா?

பலகை விஷயத்தில் நீ கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டாய் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். அது வெறும் நொடிக் கணக்கு. ஆளைப் பற்றியது இல்லை.

தன்விகா இன்னும் குப்புற விழவில்லை. ஐந்து மாதம் முடிந்துவிட்டது. எதிர்வீட்டுப் பையன் நாலாவது மாதமே விழுந்தான். இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

உன்
பிரியதர்ஷினி


காவேரிப்பட்டினம்
11 ஜூன் 2024

பிரியதர்ஷினிக்கு,

குழந்தைக்கு என் முத்தம். அம்மாவும் துவா செய்கிறார்கள்.

நோட்டு பத்திரமாக இருக்கிறது. தருவதாக இல்லை.

ஆளைப் பற்றியது இல்லை என்று எழுதியிருக்கிறாய். சரி. அன்றைக்கு உணவு இடைவேளையில் கேன்டீன் வாசலில் ஆறு பேரின் பெயரை எழுதி ஒட்டினாயே, எதிரில் ஒரே பெரிய கனெக்டருக்கு ஆளுக்கு ஆன நொடியும் போட்டு. ஒன்று: நிகத், 94. இரண்டு: சரசம்மா, 81. கடைசியில் இருந்தவள் 58. தலைப்பு உன் அழகான கையெழுத்தில், பச்சை ஸ்கெட்ச் பேனாவில். முந்தின ராத்திரி பக்கத்துக் கட்டிலில்தான் படுத்திருந்தாய். "நாளைக்கு உன் பேர் முதல்ல வரும், தப்பா எடுத்துக்காதே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

சூப்பர்வைசர் திம்மராயன் அன்றிலிருந்து என்னை நம்பர் ஒன் மேடம் என்றுதான் கூப்பிட்டார். "நம்பர் ஒன் மேடம், பேகா பேகா, சீக்கிரம்! அந்தக் கனெக்டருக்குக் காது குத்தி முடிச்சாச்சா?" லைனே சிரிக்கும். நீயும் ஒரு தடவை சிரித்தாய். வாயைக் கையால் மூடிக்கொண்டாய், ஆனால் சிரித்தாய்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் பலகையைப் படம் எடுத்து யாரோ குரூப்பில் போட, அது தானிஷ் வழியாக வீட்டுக்கு வந்துவிட்டது. அம்மா என் பெயர் மேலே இருப்பதைப் பார்த்து நான்தான் கம்பெனியில் முதலாவது என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு கிலோ ஜாங்கிரி வாங்கித் தெருவுக்கே கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனால் பக்கத்து வீட்டு அஸ்மத் மாமி என் கையைப் பிடித்து முத்தம் கொடுக்கிறார். அம்மாவிடம் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. திங்கட்கிழமை ஓசூர் பஸ் ஏறவும் கால் வரவில்லை.

நீ மூன்று நாள் என் முதுகுக்குப் பின்னால் ஸ்டாப்வாட்ச் பிடித்துக்கொண்டு நின்றாய். ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒரு தடவையாவது கேட்டாயா?

இப்போது இங்கே மாங்கூழ்த் தொழிற்சாலையில் பழம் தரம் பிரிக்கும் இடத்தைப் பார்த்துக்கொள்கிறேன். சீசன் நேரம். கையெல்லாம் மாம்பால். காகிதத்தில் கறை இருந்தால் அதுதான்.

குழந்தைக்கும் ஒரு பலகை வைத்திருக்கிறாய், இல்லையா?

நிகத்


உத்தனப்பள்ளி
19 ஜூன் 2024

அன்புள்ள நிகத்,

வைத்திருக்கிறேன். பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். சிரித்த தேதி, கழுத்து நின்ற தேதி, பக்கத்தில் போனில் பார்த்து எழுதிய "சராசரி". குப்புற விழும் கட்டம் காலி. அம்மா பீரோவைத் திறக்கும்போதெல்லாம் "இன்னா பரீட்சைம்மா எழுதுது இந்தக் கொழந்த?" என்று கேட்பார்கள். உனக்கு எப்படித் தெரிந்தது?

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. நான் என்ன உன்னை அவமானப்படுத்தவா செய்தேன், எறும்பு அப்படித்தானே செய்கிறது என்று பதில் எழுதத் தொடங்கி ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டேன். அதைக் கிழித்துவிட்டேன். ஜாங்கிரி விஷயம் எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. சிரித்தது ஞாபகம் இருக்கிறது.

திங்கட்கிழமை பக்ரீத். கல்லூரியில் பண்டிகைக்கு மறுநாள் நீ கொண்டுவரும் அடுக்கு டிபனுக்காக விலங்கியல் வகுப்பே லேப் வாசலில் நிற்கும். நீ முதல் கரண்டியை எனக்குத்தான் வைப்பாய். இந்த வருஷம் யாருக்கு வைத்தாயோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ கேட்ட கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. அதனால் நேற்று சரசம்மாவுக்கு போன் செய்தேன். லைனில் உனக்கு அடுத்து நின்று உன் கையிலிருந்து வாங்கியவர் அவர்தானே. கேட்டதும் கொட்டித் தீர்த்துவிட்டார்.

"நிகத் கையில வாங்கினா கண்ணை மூடிக்கினு வாங்கலாம்மா. அவ போனப்புறம் கெலமங்கலத்துப் பொண்ணு ஒண்ணை நிக்க வச்சாங்க, அறுபது செகண்டுக்காரி. பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா பின்னு பாதி உள்ள, பாதி வெளிய. வண்டிக் கம்பெனியிலருந்து பொட்டி பொட்டியா திரும்பி வந்துச்சு, லைட் எரியலைன்னு. இப்ப கடைசியில மூணு பேரை செக்கிங்குக்குப் போட்டுக்கிறாங்க. நானும் வாங்கறப்பல்லாம் ஒரு தடவை இழுத்துப் பாக்கறேன். அதுல நானும் ஸ்லோ ஆயிட்டேன். அடுத்த போர்டுல என் பேருதான் மேல வரும், பாத்துக்க."

வரிசையின் வேகத்தை நான் கணக்குப் போட்டேன். திரும்பி வந்த பெட்டிகளை வேறு ஒரு அறையில் வேறு ஒருவர் கணக்குப் போட்டார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

பதினான்கு மாதத் தாமதத்தோடு கேட்கிறேன். அந்த 94 நொடியில் நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?

பிரியதர்ஷினி

பி.கு. நோட்டைத் தர வேண்டாம். அது இல்லாமலே பேசிக்கொள்கிறேன். இதற்கு மட்டும் பதில் போடு.


காவேரிப்பட்டினம்
25 ஜூன் 2024

தர்ஷினி,

பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. முதலில் நிற்பவள் கையில்தான் பெரிய கனெக்டர் வரும். இருபத்திரண்டு பின். உள்ளே தள்ளினால் "டிக்" என்று சத்தம் கேட்கும், போதும் என்றார்கள். அத்தனை ஆட்கள் பேசும், ஃபேனும் கம்ப்ரசரும் ஓடும் இடத்தில் யாருடைய டிக் யாருக்குக் கேட்கும்? அதனால் தள்ளிய ஒவ்வொரு வயரையும் லேசாக ஒரு இழு இழுத்துப் பார்ப்பேன். ஒரு பின்னுக்கு ஒன்றரை நொடி. இருபத்திரண்டுக்கு முப்பத்து மூன்று. 94-இல் அதைக் கழித்துக்கொள். கணக்கு உனக்கு வரும்.

ஏன் சொல்லவில்லை என்று அடுத்து கேட்பாய். நீ தோழியாகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பலகைக்கு என்ன பதில் சொல்ல?

இங்கே கூழ்த் தொழிற்சாலையிலும் ஒரு பெல்ட். பழம் வந்து விழும் முதல் இடத்தில் சென்னம்மாள் அக்காவை நிறுத்தியிருக்கிறேன். இருப்பவர்களிலேயே மெதுவான ஆள். ஒவ்வொரு பழத்தையும் காம்புப் பக்கம் முகர்ந்துவிட்டுத்தான் விடுவார். முதலாளி மகன் வந்து, "என்னாக்கா, பழத்துக்கு ஜலதோஷமான்னு பாக்கறியா?" என்று கிண்டல் செய்தான். "ஒரு புளிச்ச பழம் உள்ள போனா ஒரு ட்ரம்மு போச்சு சாமி. அப்பறம் உனக்குத்தான் ஜலதோஷம் புடிக்கும்" என்றார். அவரை மாற்றச் சொன்னான். நான் நம் நோட்டைக் கொண்டுபோய் ஒரு பக்கத்தைக் காட்டினேன். மாற்றவில்லை.

அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். இருபத்து மூன்றாம் பக்கம். படம் நான் வரைந்தது. எழுத்து யாருடையது என்று நீயே பார்.

"கவனிப்பு 4. களத்தில் முதலில் நிற்கும் சிறிய எறும்பு (ரோஸ் புள்ளி) ஒரு மணியைத் தேர்ந்தெடுக்கச் சராசரியாக 38 நொடி எடுத்துக்கொள்கிறது. தூக்குகிறது, திருப்புகிறது, கீழே வைக்கிறது, மறுபடி தூக்குகிறது. தூக்கிய 40 மணிகளில் 17-ஐ விட்டுவிட்டது. விட்டவற்றை நசுக்கிப் பார்த்ததில் 15 பதர். பெரிய எறும்புகள் (பச்சைப் புள்ளி) எதையும் சோதிப்பதில்லை, வாங்கிக்கொண்டு ஓடுகின்றன. முதல் எறும்பு தாமதிப்பதால்தான் மற்றவை வேகமாக ஓட முடிகிறது என்று தோன்றுகிறது."

கடைசி வரிக்கு நிர்மலா மேடம் இரண்டு டிக் போட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்குக் கல்லூரி கேட் எதிரில் நீ எனக்குக் கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தாய்.

எறும்பிடம் நாம் பாதிப் பாடம்தான் படித்தோம் தர்ஷினி. மீதியை நீயே எழுதி வைத்திருந்தாய்.

குழந்தை விழும்போது விழும். பீரோவை மூடி வை.

நிகத்


ஓசூர்
7 ஜூலை 2024

அன்புள்ள நிகத்,

என் கையெழுத்துதான். "என்று தோன்றுகிறது" என்ற இடத்தில் நான் போடும் அந்தச் சுழி கூட அப்படியே இருக்கிறது. அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. அம்மா வந்து குழந்தை அழுவது காதில் விழவில்லையா என்று கேட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை பேசினேன். எட்டுப் பேர், ஏ.சி. அறை, எனக்கு மட்டும் வியர்த்தது. மனப்பாடம் செய்ததை எல்லாம் ஒழுங்காகச் சொல்லி, நிபந்தனை வரைக்கும் வந்துவிட்டேன். அங்கே நின்று, "சார், இந்த நிபந்தனையை நான் தப்பாகப் போட்டுவிட்டேன்" என்றேன். ராஜ்குமார் சாரின் முகம் மாறிவிட்டது. ஜெராக்ஸைக் கொடுத்தேன். திரும்பி வந்த பெட்டிகளின் எண்ணிக்கையையும் கொடுத்தேன். சரசம்மா யார் யாரிடமோ கேட்டு வாங்கிக் கொடுத்தது.

திம்மராயன், "அப்ப வேணும்னே ஸ்லோவா வேலை செய்யணுங்கறியாம்மா?" என்றார்.

"இல்லைங்க. முதல் இடத்துல வேகத்தைப் பாக்காதீங்கன்னு சொல்றேன். கெட்டதை விட்டுடற ஆளை நிறுத்துங்க. செக்கிங்குல நிக்கற மூணு பேரையும் லைனுக்கே எடுத்துக்கலாம்."

"அப்படி யாரும்மா இருக்கா நம்மகிட்ட?"

"இருந்தாங்க. நீங்க நம்பர் ஒன் மேடம்னு கூப்பிடுவீங்களே."

ராஜ்குமார் சார் ஒரு வாரம் ஒரு லைனில் மட்டும் செய்து காட்டச் சொன்னார். லைன் லீடரா, பகல் ஷிப்டா என்பதெல்லாம் அதற்கப்புறம் பார்க்கலாம் என்றார். அதுவரை பகல்தான். அதற்குமேல் எதுவும் நிச்சயமில்லை. அவர்களுக்குக் கொடுத்த காகிதத்தில் நம் இருவர் பெயரும் போட்டிருக்கிறேன். உன் பெயர் முதலில். இந்தத் தடவை நீ என்ன நினைப்பாயோ என்று பயந்துகொண்டேதான் போட்டேன்.

முதல் இடத்தில் நான்தான் நிற்கிறேன். ஆறு மாதம் கை விட்டுப்போய் 101 நொடி ஆகிறது. பின்னை இழுத்துப் பார்க்கும்போதுதான் தெரிகிறது, அந்த ஒன்றரை நொடியில் ஆள் எவ்வளவு தனியாக நிற்கிறாள் என்பது. முதுகுக்குப் பின்னால் ஐந்து பேர் காத்திருக்கிறார்கள். நீ அப்படி நாள் முழுக்க நின்றாய், என் கடிகாரத்துக்கு முன்னால். ஒரு தடவை கூட நான் முன்பக்கம் வந்து உன் கையைப் பார்க்கவில்லை. மன்னித்துவிடு நிகத். இதைத்தான் முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

தன்விகாவைக் கம்பெனிக் குழந்தைகள் காப்பகத்தில் விடுகிறேன். பத்து மணிக்குப் பால் கொடுக்க ஓடுகிறேன். வெள்ளிக்கிழமை போனபோது பாயில் குப்புறப் படுத்து, தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் போட்ட சத்தத்தில் மற்ற பிள்ளைகள் எழுந்துவிட்டன. ஆயா, "என்னம்மா, அவ அப்பவே குப்புத்துக்கினா. உங்களுக்குத் தெரியாதா?" என்றார். வியாழனா, புதனா என்று அவருக்கு நினைவில்லை. நானும் தோண்டிக் கேட்கவில்லை. அம்மா வீட்டுப் பீரோவில் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும்.

உன்னை வா என்று கூப்பிட எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்த இடம் உன்னுடையது. நீ வரும்வரை அதைப் பார்த்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

உன்
தர்ஷினி


காவேரிப்பட்டினம்
14 ஜூலை 2024

ஏ தர்ஷி,

101-ஆ? எறும்பு கூடச் சிரிக்கும்.

மாம்பழ சீசன் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. அதுவரை சென்னம்மாள் அக்காவை விட்டுவிட்டு வர முடியாது. ஆகஸ்ட் முதல் வாரம் வருகிறேன். வந்தால் முதல் இடம் எனக்கு. நீ சரசம்மாவைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு இரண்டாவது இடத்துக்கு வா. என் கையிலிருந்து வாங்கும்போது இழுத்துப் பார்க்கக் கூடாது, சொல்லிவிட்டேன். திம்மராயன் என்னை எப்படி வேண்டுமானாலும் கூப்பிட்டுக்கொள்ளட்டும். பலகை மட்டும் வேண்டாம்.

பழைய ரோஸ் பாலிஷ் பாட்டிலைத் தேடி எடுத்தேன். உள்ளே கல்லாகக் காய்ந்துவிட்டது. மூடியைத் திறந்தால் மட்டும் அதே வாசனை. குழந்தைக்குக் காட்ட நோட்டையும் அதையும் கொண்டுவருகிறேன்.

அம்மாவிடம் நேற்றுதான் எல்லாவற்றையும் சொன்னேன். போன தடவை என் பெயர் ஏன் மேலே இருந்தது, அந்த ஜாங்கிரி எதற்கு, எல்லாம். "இப்ப மறுபடி எங்க நிக்கப் போறே?" என்று கேட்டார்கள். முதலில்தான் என்றேன்.

எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு ஜாங்கிரி வாங்கப் போயிருக்கிறார்கள்.

நிகத்